காவலரைக் கள்வராக்காதீர்!

குறிகட்டுவானிற் படகேறி நெடுந்தீவுக்குச் செல்லும் பயணி கரையிறங்கியதும் கேட்கும் முதற் கேள்வி, “குதிரைகள் எங்கே நிற்கின்றன?” என்பதாகும். அக்குதிரைகளுக்குக் கோடையில் நீர் எங்கிருந்து கிடைக்கின்றது என்று கேட்போர் மிகச் சிலர். அத்தீவில் வாழும் மனிதருக்கு நீர் எங்கிருந்து கிடைக்கின்றது என்று கேட்போர் அவரினும் சிலர். இம்மூன்றும் ஒரே கேள்வி என்பதை உணராதவரை நெடுந்தீவில் எவ்வுயிரையும் நம்மாற் காக்க இயலாது.

2015ஆம் ஆண்டில் நெடுந்தீவின் 1,800 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய தீவில் இது மூன்றிலொரு பங்கிற்கும் அதிகமாகும். பாதுகாப்பு வேண்டாமென்று நாம் கூறவில்லை. நாம் எதிர்ப்பது அப்பாதுகாப்பின் அடித்தளமாயுள்ள எண்ணத்தையே. 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசிய பூங்காவினுள் அனுமதியின்றிப் புகுவது குற்றம். யானையும் சிறுத்தையும் உலவும் பெருங்காட்டுக்கு இவ்விதி பொருந்தலாம். தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த தரவைக்கு இது பொருந்துமா?

நெடுந்தீவு மனிதனின் கைபடாத வனமன்று. அங்குள்ள மட்டக்குதிரைகளே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் ஆட்சிகளின் எச்சங்கள். மனிதன் கொணர்ந்து, வளர்த்து, பின்னர் கைவிட்டுச் சென்றவை. பவளக்கல் வேலிகள் மனிதன் அடுக்கியவை. கேணிகளும் துரவுகளும் மனிதன் தோண்டியவை. மனிதனின் வரலாற்றாலே உருவான ஒரு நிலத்திலிருந்து அம்மனிதனை விலக்கிவிட்டு, ‘இயற்கையைப் பாதுகாக்கின்றோம்’ என்பது முரண்பாடன்றோ?

மாடுகள் பெருகிப் புல்லை அழிக்கின்றன, ஆகவே மக்களே பகைவர் என்பர் சிலர். கோடையில் மாடும் குதிரையும் ஒரே புல்லுக்கும் ஒரே நீருக்கும் போட்டியிடுகின்றன என்பது உண்மையே. நம் கரையோரங்களிற் கடலாமை இறைச்சியை விரும்பி உண்ட வழக்கத்தையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. மக்கள் யாவரும் முனிவரல்லர். ஆயினும், எந்தத் துரவு எந்த மாதத்தில் வற்றும், எந்தத் தரவையிற் புல் கடைசிவரை நிற்கும் என்பதை அறிந்தவன் அந்த மேய்ப்பனே. அவனைக் கள்வன் என்று முத்திரை குத்தினால் அவனது அறிவும் அவனோடு வேலிக்கு வெளியே போய்விடும். கடும் வரட்சியிற் குதிரைகள் மடிந்த செய்திகளைப் பத்திரிகைகளிற் படித்திருக்கின்றோம். வர்த்தமானி அறிவித்தல் குதிரையின் தாகத்தைத் தணிக்காது. தூர்வாரிய கேணியே தணிக்கும்.

தமிழகத்தின் வேடந்தாங்கலைப் பாருங்கள். அங்கு ஏரிக்கு வரும் பறவைகளை ஊர் மக்கள் நெடுங்காலமாகக் காத்து வந்துள்ளனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினி ஆட்சியே அவ்வுரிமையை ஏற்றது. ‘சரணாலயம்’ என்ற பெயர் பின்னரே வந்தது. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயலுக்கு உரமாயிற்று. பறவை வாழ்ந்தால் வயல் வாழும் என்பதை அவர்களுக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. நேபாளம் 1996ஆம் ஆண்டின் விதிகளால், பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம்வரை சூழவுள்ள மக்களின் அபிவிருத்திக்கு ஒதுக்க வழிசெய்தது. வறிய நாடொன்றுக்கு இயன்றது நமக்கு ஏன் இயலாது?

நாம் கோருவன சில. மேய்ச்சல் எல்லையையும் காலத்தையும் மேய்ப்போருடன் அமர்ந்து வரையறுக்க வேண்டும். கேணிகளைத் தூர்வாரும் பணியையும் அதற்குரிய பணத்தையும் ஊர்ச் சங்கங்களிடம் ஒப்படைக்க வேண்டும். காவலர் பதவிகளில் தீவின் இளைஞருக்கு முதலிடம் வேண்டும். குதிரையைக் காண வருவோர் செலுத்தும் பணத்தில் ஒரு பங்கு தீவிலேயே தங்க வேண்டும். மாரிதோறும் நம் களப்புகளுக்கு வரும் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியைத் தீவகப் பாடசாலைகளுக்கு வழங்க வேண்டும்.

இறுதியாக நம்மை நோக்கியும் ஒரு சொல். காலைப் படகிற் சென்று, குதிரையோடு படமெடுத்து, மாலைப் படகிற் திரும்பும் பல்கலைக்கழகத்தினராகிய நாம் அத்தீவுக்கு எதைக் கொடுத்தோம்? மேய்ப்பனின் அறிவை ஏட்டிலெழுதுவது நம் கடமை; அவனுக்காகப் பேசுவதும் நம் கடமை. வேலி போடுவது எளிது. வேலியைக் காக்கும் மனத்தை அவ்வூரிலேயே வளர்ப்பதுதான் பாதுகாப்பு.