பிட்கொயின் அகழும் பொறி வாங்கலாமோ?

பிட்கொயின் அகழ்தலென்பது, ஒரு புதிர்க்கு விடை கிட்டுமளவும் எண்களை மாற்றி மாற்றி முயலுதலேயாம். 2009இல் வீட்டுக் கணினியே இதற்குப் போதியதாயிருந்தது. 2013 முதல் இத்தொழிலொன்றிற்கே சமைத்த ‘அசிக்’ பொறிகள் வந்தன, கணினி ஒதுங்கிற்று.

பொழுதுபோக்காக இப்பொறியை வாங்க விழையும் அன்பர் மின்கட்டணத்தை முதலில் நோக்குக. ‘அன்ட்மைனர் எஸ்21’ செக்கனுக்கு 200 இலட்சங்கோடி முறை முயல்வது. நாளொன்றுக்கு 84 அலகு மின்சாரம் உண்பது. (விசிறியின் இரைச்சலோ வீட்டாரை உறங்கவொட்டாது.) 2024இன் நடுவில் உலகப் பொறிகளின் மொத்த வலிமை இதனினும் ஏறத்தாழ 30 இலட்சம் மடங்காயிருந்தது. பரிசோ பத்து நிமிடத்துக்கு ஒன்றே. ஆகவே, தனித்து முயல்வார்க்கு ஒரு பரிசு கிட்டச் சராசரி 57 ஆண்டு செல்லும்! பலரொடு கூடிப் பங்கு பெறினும் நாளொன்றுக்கு 0.00015 பிட்கொயினே. அதன் விலை 60,000 டொலராயின் இது 9 டொலர். அலகொன்று 11 சதமாயின் மின்கட்டணமே அதனை விழுங்கிவிடும். பொறியின் விலை எங்ஙனம் மீளும்?

விலை ஏறுமே என்பர் சிலர். ஏறினாற் பொறிகளும் பெருகும். புதிரும் ஏறக்குறைய இருவாரத்துக்கொருமுறை அதற்கேற்பக் கடினமாகும். பரிசோ 2024 ஏப்ரிலில் 6.25இலிருந்து 3.125ஆகப் பாதியாயிற்று. ஏற்றத்தை நம்புவார்க்கு அந்நாணயத்தையே வாங்குதல் எளிது. குளிர்நாட்டார் மாத்திரம் பொறியின் வெப்பத்தால் அறையைச் சூடாக்கிச் செலவிற் சிறிது மீட்பர்.