வண்டலூர் தராத தளபதி

தாம்பரத்திலிருந்து பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர் வழியாகச் செங்கற்பட்டை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டிய ஊர்களில், கலிங்கம் வென்ற கருணாகரத் தொண்டைமான் 'வண்டலூர் தந்த வீரன்' என்னும் முழக்கம் மேடைதோறும் சளைக்காமல் எழுப்பப்பட்டு வருகிறது. முதற் குலோத்துங்கனிடம் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கி, ஏறத்தாழ 1110-இல் அனந்தவர்மன் சோடகங்கன்மீது படைநடத்தி, விக்கிரம சோழன் காலத்திலும் செல்வாக்கோடிருந்த ஒருவரை உள்ளூர்க்காரராக்கிக்கொள்ளும் ஆசை இயல்பானதே; அதற்குக் காட்டப்படும் சான்றுகள்தாம் நகைப்புக்குரியவை.

அவர் வண்டலூரை உள்ளடக்கிய தொண்டை மண்டலத்தவர் என்பதற்குக் காட்டப்படும் 'தொண்டைமான்' என்பது சோழர் தம் அதிகாரிகளுக்கு வழங்கிய பட்டமேயன்றிப் பிறப்புச் சான்றிதழ் அன்று. படை காஞ்சியிலிருந்து புறப்பட்டதால் தலைவரும் அப்பகுதியினரே என்பது ஏற்கப்பட்டால், கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறுவோர் அனைவரும் கிளாம்பாக்கத்தில் பிறந்தவர்களாகிவிடுவர்.

எஞ்சுவது, கலிங்கத்துப்பரணி அவரை 'வண்டை' நகரத்தவராகக் குறிப்பதும், அவ்வூர் வண்டலூரே என்னும் துணிபும் ஆகும். காஞ்சிபுரம் அத்தியூரில், அதாவது இன்றைய வரதராசப் பெருமாள் கோயிலில், அவருடைய தேவியார் அழகிய மணவாளனி மண்டையாழ்வார் நந்தாவிளக்கு வைத்த செய்தியைக் கூறும் கல்வெட்டு இத்துணிபுக்கு இடமே வைக்கவில்லை. கணவரை அது சோழ மண்டலத்துக் குலோத்துங்க சோழ வளநாட்டுத் திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரியுடையான், அதாவது அவ்வூரில் நிலவுரிமை பெற்றவர், என்று படிப்படியாக அடையாளப்படுத்துகிறது. பல நாடுகளை உள்ளடக்கிய பெரும்பிரிவாகிய வளநாட்டின் பெயர் மட்டும் கிடைத்திருந்தால் முழக்கக்காரர்க்கு ஒரு துரும்பாவது அகப்பட்டிருக்கும். ஏனெனில் இன்றைய சென்னைப் பகுதியை உள்ளடக்கிய புலியூர்க் கோட்டத்துக்கும் குலோத்துங்க சோழ வளநாடு என்ற பெயர் உண்டு. ஆனால் அக்கோட்டம் சயங்கொண்ட சோழ மண்டலம் எனப்பட்ட தொண்டை மண்டலத்தைச் சேர்ந்தது. கல்வெட்டு கூறுவதோ சோழ மண்டலம். திருநறையூர் என்பது கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில். அதன் அருகிலுள்ள வண்டுவாஞ்சேரியையே வண்டாழஞ்சேரியாக ஆய்வாளர் கொள்வர். காவிரிப் படுகையிலிருந்து வந்த அதிகாரியின் மனைவி என்பதால்தான் காஞ்சியில் அவ்வம்மையார்க்கு மண்டலம் முதல் ஊர்வரை அத்தனை நீண்ட முகவரி வேண்டியிருந்திருக்கலாம். ஓரிரு நாள் நடைத்தொலைவிலுள்ள வண்டலூர்க்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அது வேண்டியிருந்திராது.