மூளைக்குள் ஒரு கடற்குதிரை

நமது தெருவில் ஒரு பாட்டியம்மாள் இருக்கிறார். வயது எண்பத்திரண்டு. தமது கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் எதற்காகக் கோபித்துக்கொண்டார்கள் என்பதை நேற்று நடந்தது போல் சொல்லுவார். ஆனால், காலையில் காபி சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால், "யார் கொடுத்தார்கள்?" என்பார். "அக்கம்பக்கத்தில் நம் மானத்தை வாங்கவே இப்படிச் சொல்லுகிறார்" என்று மருமகள் நம் வீட்டுக்கு வந்து கண்ணீர் விட்டார். மகனோ, "அறுபது வருஷத்துக்கு முந்தியது ஞாபகம் இருக்கிறதே, இன்று காலையில் நடந்தது மட்டும் எப்படி மறக்கும்?" என்று தர்க்கம் பேசினார்.

தர்க்கம் என்னவோ சரியாகத்தான் தோன்றுகிறது. தோன்றுவதெல்லாம் சரியென்றால் பூமியும் தட்டையாகத்தான் இருந்திருக்க வேண்டும்!

நம் எல்லோருடைய மூளையிலும், காதுகளுக்கு உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. வளைந்த அதன் வடிவத்தைக் கண்டு, பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்று நிபுணர் அரான்ஸி என்பவர் அதற்குக் கடற்குதிரையின் பெயரைச் சூட்டினார். 'ஹிப்போகாம்பஸ்' என்று வைத்தியர்கள் சொல்லுவது இதைத்தான். புதிதாக நடப்பவற்றை ஞாபகத்தில் பதிப்பது இதன் முக்கியமான வேலை. நெடுநாள் பழகிய நினைவுகளோ பெரும்பாலும் மூளையின் மேற்பரப்பெங்கும் பரவி நிலைத்துவிடுகின்றன. குமாஸ்தா படுத்துவிட்டால் புதுக் கணக்கு ஏறாது. பழைய பேரேடுகள் அலமாரியில் இருக்கத்தானே செய்யும்?

இதை உலகத்துக்கு உணர்த்தியவர் ஹென்றி மொலெய்சன் என்னும் அமெரிக்கர். 1953-ம் வருஷம், அவருக்கு 27 வயதாயிருக்கும்போது, தீராத காக்காய் வலிப்புக்காக ஸ்கோவில் என்ற ரண வைத்தியர் மூளையின் இருபுறத்திலும் இவ்வுறுப்பில் பெரும்பகுதியை அகற்றினார். வலிப்பு குறைந்தது, ஆனால், அன்று முதல் புது நிகழ்ச்சி எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பால்ய நினைவுகள் இருந்தன. தம்மைப் பல வருஷம் பரிசோதித்த பிரெண்டா மில்னர் என்ற மனநூல் நிபுணரை மட்டும் ஒவ்வொரு முறையும் புது மனிதராகவே வரவேற்றார். 2008-ல் இறக்கும் வரையில் இதே நிலைதான்.

முன்னாளில், மறதி நோயாளியின் மூளையை அவர் இறந்த பிறகுதான் பார்க்க முடியும். 1901-ல் பிராங்க்பர்ட் நகரில் ஒரு பெண்மணியின் விபரீதமான மறதியைக் கவனித்த அல்ஸைமர் என்ற வைத்தியர், 1906-ல் அவர் இறந்த பின்பே அந்த மூளை சுருங்கிக் கிடந்ததைக் கண்டார். இன்றோ எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம், உயிருள்ள மனிதரின் மூளையைக் கத்தி படாமல் காட்டுகிறது. இதற்கு வழி வகுத்த லாட்டர்பர், மான்ஸ்பீல்டு இருவருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆரோக்கியமான முதியவர்களுக்கும் கடற்குதிரை வருஷத்துக்கு நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்கு சுருங்குகிறதென்றும், அல்ஸைமர் நோய் கண்டவர்களுக்கு அது ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் நிகழ்கிறதென்றும் இத்தகைய படங்களால் தெரிந்தது.

ஆயினும் படம் நீதிபதியல்ல. 1986-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆராய்ச்சி ஒன்றில் 678 கன்னிமாடத்துச் சகோதரிகள் கலந்துகொண்டார்கள். அவர்களில் சிலருடைய மூளையில், இறந்த பின் பார்த்தபோது, நோயின் அடையாளங்கள் மலிந்திருந்தன. ஆனால், அவர்கள் கடைசி வரையில் தெளிந்த புத்தியோடு வாழ்ந்தவர்கள்! மேலும், தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச் சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி வரும். அவை பெரும்பாலும் குணப்படுத்தக் கூடியவை. ஆகவே, "வயதாகிவிட்டது" என்று சும்மா இருப்பதும் தவறு. படம் ஒன்றையே நம்பி முடிவு கட்டுவதும் தவறு.

பாட்டியம்மாளை வைத்தியரிடம் அழைத்துப் போனார்கள். ரத்தம் சோதித்தார்கள், படமும் எடுத்தார்கள். கடற்குதிரை இருந்த இடத்தில் கருமையான வெற்றிடம் அகன்றிருந்ததை வைத்தியர் விரலால் சுட்டிக் காட்டினாராம். மகன் அன்று வீடு திரும்பும் வரையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவரிடம் நாம் மற்றொரு செய்தியையும் சொன்னோம். 2010-ல் ஐயோவா சர்வகலாசாலையில், கடற்குதிரை கெட்டுப்போன ஐந்து பேருக்குச் சோகமான சினிமாக் காட்சிகளைக் காட்டினார்கள். சில நிமிஷங்களில் காட்சிகள் அவர்களுக்கு மறந்துபோயின. சோகம் மட்டும் போகவில்லை. எதற்காக வருந்துகிறோம் என்று அறியாமலே வருந்திக்கொண்டிருந்தார்கள். 2014-ல் அல்ஸைமர் நோயாளிகளிடமும் அதுவே காணப்பட்டது.

அப்படியானால், நாம் திட்டிய வார்த்தை பெரியவர்களுக்கு மறந்துவிடுகிறது. வலி மாத்திரம் தங்கிவிடுகிறது. அன்பாகப் பேசியதும் அப்படியே: பேச்சு போய்விடும், சந்தோஷம் சற்று நேரம் இருக்கும்.

இப்போதெல்லாம் அந்த வீட்டில் காலையில் வழக்கு நடப்பதில்லை. பாட்டியம்மாள் காபி கேட்டால், "இதோ அம்மா" என்று மருமகள் இன்னொரு அரைத் தம்ளர் கொண்டுவந்து வைக்கிறார்.