1 ஆட்டம் ஆடியிருந்தாலே விலக்கு... என்.எச்.எல்-லின் ‘நெக் கார்டு’ விதி யாரைக் காப்பாற்றும்?

2023 அக்டோபர் 28. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஒரு ஐஸ் ஹாக்கி மேட்ச். அரங்கில் சுமார் 8,000 ரசிகர்கள். நாட்டிங்ஹாம் பேந்தர்ஸ் அணியின் ஆடம் ஜான்சன், ‘பக்’ எனப்படும் ரப்பர் வட்டோடு முன்னேறிக்கொண்டிருந்தார். எதிரணி வீரர் ஒருவருடன் மோதல். அந்த வீரரின் ஸ்கேட் பிளேடு ஜான்சனின் கழுத்தில் பட்டது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. வயது 29. கழுத்தில் நெக் கார்டு அணிந்திருக்கவில்லை.

அந்த மரணத்துக்குப் பிறகு எழுந்த விவாதம் இப்போது வட அமெரிக்காவின் என்.எச்.எல் வரை வந்திருக்கிறது. 2026-27 சீசன் முதல் இந்த லீக்கில் நெக் கார்டு கட்டாயம். ஆனால், எல்லோருக்கும் இல்லை. சிக்கலே அங்கேதான்.

யார் இந்த ஆடம் ஜான்சன்?

ஐஸ் ஹாக்கி வீரர் என்றதும் கோடிகளில் சம்பளம் வாங்கும் ஸ்டார்கள்தான் நினைவுக்கு வருவார்கள். பெரும்பாலானவர்களின் கரியர் அப்படி இருப்பதில்லை. ஜான்சனின் கரியரே நல்ல உதாரணம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஹிப்பிங் என்ற சிறிய ஊர்க்காரர். மினசோட்டா துலூத் பல்கலைக்கழக அணியில் இரண்டு சீசன் ஆடினார். என்.எச்.எல் அணிகள் இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் ‘டிராஃப்ட்’டில் அவரை யாரும் எடுக்கவில்லை. 2017-ல் பிட்ஸ்பர்க் பென்குயின்ஸ் நேரடியாக ஒப்பந்தம் செய்தது. 2019-ல் என்.எச்.எல் அறிமுகம். முதல் கோலை சொந்த மாநிலத்தில், மினசோட்டா அணிக்கு எதிராகவே அடித்தார்.

அவர் என்.எச்.எல்-லில் ஆடியது மொத்தம் 13 ஆட்டங்கள். அவ்வளவுதான். பிறகு ஸ்வீடனின் மால்மோ, திரும்பவும் அமெரிக்காவின் இரண்டாம் நிலை லீக், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க், கடைசியாக நாட்டிங்ஹாம். கிட்டத்தட்ட வருஷத்துக்கு ஒரு ஊர்.

இந்தத் தொழிலின் கணக்கு அப்படி. என்.எச்.எல்-லில் 32 அணிகள். குறைந்தபட்ச ஆண்டு ஊதியமே 2025-26 சீசனில் 7,75,000 டாலர். ஆனால், புதியவர்கள் பலரின் ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளம் எழுதப்பட்டிருக்கும். மேலே ஆடினால் ஒன்று, கீழ் லீக்குக்கு அனுப்பினால் பல மடங்கு குறைவாக இன்னொன்று. விளிம்பில் நிற்கும் வீரர், தன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்று தோன்றும் எதையும் மாட்டிக்கொள்ளத் தயங்குவது இதனால்தான் புரிந்துகொள்ளக்கூடியது.

ஸ்கேட் பிளேடு அவ்வளவு ஆபத்தா?

ஆமாம். வீரர்களின் காலில் இருப்பது தீட்டிய எஃகு. வேகமாகச் சறுக்கும்போது ஒருவர் நிலைதடுமாறினால் கால் தரையிலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது.

1989-ல் பஃபலோ அணியின் கோல்கீப்பர் கிளின்ட் மலார்ச்சுக்கின் கழுத்து ரத்தக்குழாய் இப்படித்தான் வெட்டுப்பட்டது. அணியின் உதவியாளர் உடனே கையால் அழுத்திப் பிடித்ததால் உயிர் பிழைத்தார். 2008-ல் ஃபுளோரிடா அணியின் ரிச்சர்ட் ஜெட்னிக். அவர் கழுத்தை வெட்டியது சொந்த அணி வீரரின் ஸ்கேட். அவரும் பிழைத்தார். இரண்டு முறையும் விதி மாறவில்லை.

ஜான்சன் விஷயத்தில் எதிரணி வீரர் கைதாகி விசாரிக்கப்பட்டார். 2025 ஏப்ரலில், வழக்குத் தொடரப் போவதில்லை என்று பிரிட்டன் அரசுத் தரப்பு அறிவித்தது. ஆக, இனி கேள்வி ஒரு தனி மனிதர் பற்றியது இல்லை. பாதுகாப்பு விதி பற்றியது.

புது விதி என்ன சொல்கிறது?

சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு தன் போட்டிகளில் நெக் கார்டைக் கட்டாயமாக்கிவிட்டது. அமெரிக்காவில் சிறுவர், ஜூனியர் பிரிவுகளுக்கு 2024 ஆகஸ்ட் முதல் கட்டாயம்.

என்.எச்.எல் மட்டும் வேறு வழியில் போகிறது. 2025-ல் லீக் நிர்வாகமும் வீரர்கள் சங்கமும் ஒப்புக்கொண்ட புதிய தொழிலாளர் ஒப்பந்தப்படி, 2026-27 முதல், அதற்கு முன் என்.எச்.எல்-லில் ஒரு ஆட்டம்கூட ஆடாத வீரர்களுக்கு மட்டுமே நெக் கார்டு கட்டாயம். ஏற்கெனவே ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருந்தாலும், அது அவரவர் விருப்பம்.

ஏன் எல்லோருக்கும் இல்லை?

லீக் நினைத்தால் மட்டும் போதாது. என்.எச்.எல்-லில் பாதுகாப்புக் கருவி என்பது வேலை நிபந்தனை. சங்கம் சம்மதிக்க வேண்டும். சங்கத்தில் ஓட்டு இருப்பது இப்போது ஆடும் வீரர்களுக்குத்தான். கழுத்து இறுக்குது, வியர்க்குது, பழக்கமில்லை என்று சொல்பவர்கள் அவர்களில் உண்டு. “என் உடம்பு, என் முடிவு” என்பது அவர்கள் வாதம். நெக் கார்டு போட்டால் நூறு சதவீதம் பாதுகாப்பு என்றும் யாரும் சொல்லவில்லை.

அடுத்து வரப்போகிறவர்களுக்கு இன்னும் ஓட்டு இல்லை. அதனால் விதியை அவர்கள் தலையில் கட்டுவது சுலபம்.

முன்பும் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1968 ஜனவரியில் மினசோட்டா நார்த் ஸ்டார்ஸ் வீரர் பில் மாஸ்டர்டன், ஹெல்மெட் இல்லாமல் ஆடி, தலையில் அடிபட்டு இறந்தார். ஹெல்மெட் விதி வந்தது 1979-ல். அதுவும், ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்கு விலக்கோடு. ஹெல்மெட் இல்லாமல் ஆடிய கடைசி வீரர் கிரெய்க் மக்டாவிஷ் ஓய்வுபெற்றது 1997-ல். அதாவது, மரணத்திலிருந்து கடைசித் தலையும் மூடப்படும் வரை 29 வருஷம்.

கண்ணைக் காக்கும் ‘வைசர்’ கண்ணாடிக்கும் அதே ஃபார்முலா. 2013-ல் விதி வந்தபோது, 25 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர்களுக்கு விலக்கு. பத்து வருஷம் கழித்தும் வைசர் இல்லாமல் ஆடும் சிலர் களத்தில் இருந்தார்கள்.

அப்போ இந்த விதி பயனற்றதா?

இல்லை. மெதுவாக வேலை செய்யும். ஹெல்மெட் இல்லாமல் ஆடுவதை இன்று யாரும் கற்பனைகூடச் செய்வதில்லை. சின்ன வயதிலேயே நெக் கார்டு போட்டு வளர்ந்தவர்களுக்கு அது சுமையாகவும் தெரியாது.

ஆனால், பிளேடுக்கு சீனியர், ஜூனியர் தெரியாது. 2026 பிப்ரவரியில் நடந்த மிலான் ஒலிம்பிக்கில் சர்வதேச விதிதான் செல்லுபடி. நாட்டுக்காக ஆடினால் நெக் கார்டு கட்டாயம், கிளப்புக்காக ஆடினால் விருப்பம் என்றால், “ஆடவே முடியாது” என்ற வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்?

கடைசியாக ஒரு கணக்கு. ஜான்சன் இன்று உயிரோடு இருந்து, மறுபடி என்.எச்.எல்-லில் இடம் பிடித்திருந்தால் இந்த விதி அவருக்குப் பொருந்துமா? பொருந்தாது. அவர்தான் ஏற்கெனவே 13 ஆட்டம் ஆடியவராச்சே!