ஓசையின்றி நகரும் பூமி

 

பூகம்பம் என்றதும் நொடிப்பொழுதில் வீடுகள் குலுங்கிச் சரிவதே நம் நினைவுக்கு வரும். ஆனால், பூமியின் பாறைப் பிளவுகள் எவரும் அறியாமல், வாரக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெல்ல நழுவுவதும் உண்டு என்பதை அறிவீர்களா?

பூமியின் மேலோட்டுத் தட்டுகளுள் ஒன்று மற்றொன்றின் கீழ் அமிழும் இடங்களில், இரண்டும் ஒரு பகுதியில் இறுகப் பிணைந்து நிற்கும். அங்கே சேர்ந்த அழுத்தம் திடீரென விடுபடுவதே பெரும் பூகம்பம். கனடாவின் வான்கூவர் தீவுப் பகுதியில், அப்பிணைப்புக்கும் கீழே, ஏறத்தாழ 14 மாதங்களுக்கு ஒருமுறை சில வாரங்கள் மெல்லிய நழுவல் நிகழ்கிறது. அப்போது மனிதர் உணரவியலாத மெல்லதிர்வு ஒன்று, முணுமுணுப்பைப் போலக் கருவிகளில் பதிவாகிறது. இவ்விரண்டும் இணைந்தே வருவதை 2003-ஆம் ஆண்டு அறிவியலார் எடுத்துரைத்தனர்.

நழுவும் இடத்தில் அழுத்தம் தணிகிறது. ஆனால் அச்சுமை, பிணைந்து நிற்கும் அண்டைப் பகுதியின்மேல் ஏறுகிறது. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தைச் சேர்ந்த சிமெலுவே தீவில் இதற்கொரு சான்று உண்டு. அங்குள்ள பவளப் பாறைகளின் வளர்ச்சி வளையங்களை ஆராய்ந்தோர், 1829 முதல் 32 ஆண்டுகள் மெல்லிய நழுவல் நீடித்ததைக் கண்டனர். அதன் முடிவில், 1861-இல் பெரும் பூகம்பம் தாக்கியது!

அவ்வாறாயின், நழுவலைக் கொண்டு பூகம்பத்திற்கு நாள் குறிக்கலாமா? இயலாது. வான்கூவர் பகுதியில் பன்முறை நழுவியும் பேரழிவு நேரவில்லை. அங்கு இறுதியாகப் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது 1700-இல். எனவே, நாளும் நேரமும் குறித்துப் பரப்பப்படும் வதந்திகளை நம்பி அஞ்சாதீர்கள்; பிறருக்கும் பரப்பாதீர்கள்.

நாள் தெரியாவிடினும் உயிர் காக்க வழியுண்டு. முஸ்லிம்கள் வாழும் அதே சிமெலுவேயில், 1907-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையைக் கண்ட முன்னோர், "ஸ்மோங்" என்னும் பெயரில் அதனைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடவேண்டும் என்பதே அப்பாடம். 2004 டிசம்பர் 26 அன்று, சுமார் 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவர் மட்டுமே. அதே அலைதான் நாகூரையும் மருதமுனையையும் கண்ணீரில் ஆழ்த்தியது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கவேண்டும் என்பது நபிகளார் (ஸல்) கற்றுத்தந்த நெறியன்றோ? கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுநிலம் நோக்கி விரையுமாறு, இன்றே உங்கள் மக்களுக்குச் சொல்லி வையுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.