கும்மிடிப்பூண்டிக்கு ஒரு சுகாதார அறிக்கை வேண்டும்

2020-ல் முகக்கவசம் போடாமல் வெளியே வந்தவர்களிடம் 200 ரூபாய் அபராதம் வசூலித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த அபராதம் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. கொரோனாவுக்காகப் புதிதாகப் போட்ட சட்டம் இல்லை அது. 1939-ல், வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில், சென்னை மாகாணத்துக்காக வந்த பொது சுகாதாரச் சட்டம்! 2020 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டம் போட்டு அதைத் திருத்தித்தான் அபராதம் வாங்கும் அதிகாரம் கொடுத்தார்கள்.

இந்தச் சட்டத்துக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று மக்களைப் பார்த்து, "இதைச் செய்யாதே, செய்தால் தண்டம்" என்று சொல்லும் முகம். இன்னொன்று அதிகாரிகளையும் உள்ளாட்சிகளையும் பார்த்து, "உன் எல்லைக்குள் இருப்பவர்களின் ஆரோக்கியம் உன் பொறுப்பு" என்று சொல்லும் முகம். முதல் முகம் 2020-ல் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டாவது முகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த இரண்டாவது முகம் மிகவும் தேவைப்படுகிற இடங்களில் ஒன்று, திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதி.

சட்டம் வந்த கதை

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே சென்னை மாகாணத்தில் காலராவும் மலேரியாவும் சாதாரண விஷயம். சென்னை நகரத்தில் 1920-களில் பிறந்த 1000 குழந்தைகளில் 200-க்கும் மேல் ஒரு வயதை எட்டவில்லை. அந்தக் காலத்தில்தான் மாகாணத்தில் பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரும், மாவட்டங்களில் சுகாதார அதிகாரிகளும் வந்தார்கள். சிகிச்சை ஒரு துறை, நோய் வராமல் தடுப்பது இன்னொரு துறை என்ற இந்தப் பிரிவு தமிழ்நாட்டில் இன்றுவரை தொடர்கிறது. இந்தியாவின் பல மாநிலங்களில் இப்படி ஒரு தனிப் பிரிவு கிடையாது.

1937-ல் ராஜாஜி தலைமையில் அமைச்சரவை அமைந்தபோது சுகாதாரத்துறை டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனிடம் இருந்தது. இங்கிலாந்தில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவர் அவர். அந்த ஆட்சிக் காலத்தில் வந்ததுதான் 1939 சட்டம். இந்தியாவில் இவ்வளவு விரிவாக எழுதப்பட்ட முதல் பொது சுகாதாரச் சட்டம் என்று இதைச் சொல்வார்கள். குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், தொற்றுநோய், தாய்சேய் நலம், கொசு ஒழிப்பு, நெரிசலான வீடுகள், தங்கும் விடுதிகள், திருவிழாக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் அதில் விதிகள். அதோடு நிற்கவில்லை. ஒரு நகராட்சி தன் வருமானத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் பொது சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும், மாவட்ட போர்டு 12.5 சதவீதத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். "நிதி இல்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி கதவை அடைத்துவிட்டுத்தான் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள்!

திருவள்ளூர் பக்கத்துக்கும் இந்த வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு அந்த நாட்களில் இந்தியாவில் சில இடங்களில் மாதிரி சுகாதார மையங்கள் தொடங்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் அதற்குத் தேர்ந்தெடுத்த ஊர் பூந்தமல்லி. அன்று அது செங்கல்பட்டு மாவட்டம், இன்று திருவள்ளூர் மாவட்டம். கொஞ்சம் வடக்கே, எண்ணூரிலிருந்து நெல்லூர் வரை போகும் கடற்கரையில், சவுக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற மணலில் தோண்டிய குழிகளில்தான் மலேரியாக் கொசு வளர்கிறது என்று 1930-களில் ஆராய்ந்து சொன்னார்கள். கும்மிடிப்பூண்டி இருப்பது அந்தப் பட்டையில்தான். எந்தக் குழியில் எந்தக் கொசு என்று தேடிப் போய்ப் பார்த்த மண் அது!

பெர்மாண்ட்சி என்ற ஊர்

சட்டம் எழுதியவர்களுக்கு முன்னால் இருந்த மாதிரி இங்கிலாந்து. அதனால் அங்கே இது எப்படி நடந்தது என்று பார்ப்பது நல்லது. லண்டன் அப்போது 28 'பரோ'க்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுகாதார மருத்துவ அதிகாரி.

அவற்றில் ஒன்று பெர்மாண்ட்சி. தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் துறை, தோல் பதனிடும் ஆலைகள், பிஸ்கட் கம்பெனி, ஜாம் கம்பெனி என்று நிறைந்த தொழிலாளர் பகுதி. நாற்றமும் நெரிசலும் காசநோயும் அங்கே கூடவே இருந்தன. ஆல்ஃபிரட் சால்டர் என்ற டாக்டரும் அவர் மனைவி அடா சால்டரும் வசதியான இடத்துக்குப் போகாமல் அங்கேயே குடியிருந்தார்கள். அவர்களின் ஒரே மகள் ஜாய்ஸ் 1910-ல், எட்டு வயதில், செங்காய்ச்சலில் இறந்துபோனாள். அதற்குப் பிறகும் அவர்கள் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. 1922-ல் அடா அந்தப் பகுதியின் மேயர் ஆனார். லண்டனில் மேயரான முதல் பெண் அவர். அதே வருடம் ஆல்ஃபிரட் நாடாளுமன்றம் போனார்.

அந்த மன்றம் செய்தவை இன்றைக்குப் படித்தாலும் ஆச்சரியமாக இருக்கும். காசநோயாளிகளுக்குச் சூரிய ஒளி போன்ற விளக்கு சிகிச்சை தர 1926-ல் சொந்தமாக ஒரு நிலையம் திறந்தார்கள். சில நோயாளிகளை மன்றச் செலவில் சுவிட்சர்லாந்துக்கே அனுப்பி வைத்தார்கள். சுகாதாரத்தைப் பற்றித் தாங்களே சினிமாப் படம் எடுத்து, வேனில் கொண்டு போய்த் தெருவில் திரை கட்டிக் காட்டினார்கள்.

ஆனால் இந்த அதிரடிகளை விட முக்கியமான ஒன்று, பார்க்க ரொம்பவும் சலிப்பான விஷயம். வருடா வருடம் சுகாதார மருத்துவ அதிகாரி எழுதிய அறிக்கை. இந்த வருடம் எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு, என்ன காரணம், எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை வீடுகள் சோதித்தோம், எத்தனை சாக்கடை சரி செய்தோம், பாலில் எத்தனை மாதிரி கலப்படம் என்று எல்லாம் அதில் இருக்கும். அதை அச்சிட்டு மன்றத்தின் முன் வைக்க வேண்டும். லண்டனின் இப்படிப்பட்ட அறிக்கைகள் 5500-க்கும் மேல், 1848 முதல் 1972 வரையிலானவை, வெல்கம் நூலகத்தின் முயற்சியால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெர்மாண்ட்சிக்காரர் வேறு பகுதியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தால் அந்த இறப்பு யார் கணக்கில் வரும்? 1911 முதல் இங்கிலாந்தில் அதை அவர் குடியிருந்த பகுதியின் கணக்குக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் அவரைச் சாகடிக்கவில்லை, வாழ்ந்த இடத்தில்தான் காரணத்தைத் தேட வேண்டும் என்பது அதன் பொருள்.

இங்கிலாந்தை ஒரேயடியாகப் புகழவும் வேண்டாம். 1930-களின் வேலையில்லாத் திண்டாட்டத்தில் பட்டினியைச் சில அறிக்கைகள் மறைத்தன என்று பின்னால் வந்த வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். தன் நாட்டில் இவ்வளவு செய்த அதே அரசு சென்னை மாகாணத்துக்குக் கிள்ளித்தான் கொடுத்தது. அப்படியும் ஒன்றை மறுக்க முடியாது. இங்கிலாந்து, வேல்ஸில் 1920-ல் 1000-க்கு 80 ஆக இருந்த சிசு மரணம் 1939-ல் 50 அளவுக்கு இறங்கியது. பென்சிலின் கடைக்கு வருவதற்கு முன்பே இது நடந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் கணக்கு யாரிடம்?

இப்போது கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சிப்காட்டைச் சுற்றி இரும்பு உருக்கும் உலைகள், ரோலிங் மில்கள், ரசாயனக் கம்பெனிகள். பாப்பான்குப்பம், சிறுபுழல்பேட்டை, புதுகும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களில் வாடகை அறைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் தங்கி வேலைக்குப் போகிறார்கள். பகல் ஷிப்ட் ஆள் எழுந்த பாயில் நைட் ஷிப்ட் ஆள் வந்து படுக்கும் அறைகள் இந்த மாதிரி இடங்களில் புதிதல்ல. அதே ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது.

இந்த மக்களின் ஆரோக்கியம் பற்றிய தகவல் இல்லாமல் இல்லை. ஆனால் துண்டு துண்டாக இருக்கிறது. காய்ச்சல் கணக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில். தொழில் நோய்க் கணக்கு தொழிற்சாலை ஆய்வாளர்களிடம். காற்று, நீர் பற்றிய கணக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். குப்பையும் குடிநீரும் ஊராட்சியிடம். எல்லாக் கணக்கும் கீழிருந்து மேலே போகிறது. மேலே போனதெல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாக ஊருக்குத் திரும்பி வருவதில்லை. 1925-ல் பெர்மாண்ட்சியில் எத்தனை பேர் எதனால் இறந்தார்கள் என்று செல்போனில் படித்துவிடலாம். போன வருடம் சிறுபுழல்பேட்டையில் எத்தனை பேர் எதனால் இறந்தார்கள் என்று தேடிப் பாருங்கள்!

ஓர் உதாரணம். பீகார் தொழிலாளி ஒருவருக்கு உலைப் புகையிலும் தூசியிலும் பல வருடம் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து அங்கே இறந்தால், 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பு நடந்த இடத்தில், அதாவது சென்னையில், பதிவாகும். நிரந்தர முகவரி பீகார் என்று எழுதுவார்கள். முடியாமல் ரயிலேறி ஊருக்குப் போய் இறந்தால் பதிவே பீகாரில்தான். இரண்டிலும் கும்மிடிப்பூண்டி என்ற பெயர் கணக்கில் நிற்காது. சிலிகோசிஸ் போன்ற நோய்களைக் கண்டால் மருத்துவர் தெரிவித்தாக வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனால் அவர் காச நோயாளி என்று எழுதப்பட்டுவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப் போகிறது.

தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் 2020-ல் 13. இந்திய சராசரி 28. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் மாநில சராசரி என்பது அடையாறையும் பாப்பான்குப்பத்தையும் கூட்டி வகுத்த எண். அதில் பாப்பான்குப்பம் தெரியாது.

ஓட்டு இல்லாதவனின் காய்ச்சல்

பெர்மாண்ட்சியில் அந்த அறிக்கைக்குப் பலம் எங்கிருந்து வந்தது? 1918-க்குப் பிறகு அங்கே குடியிருந்த தொழிலாளிக்கு ஓட்டு இருந்தது. தன் தெருவில் சாக்கடை நாறினால் அவன் மன்றத்தையே மாற்ற முடியும். கும்மிடிப்பூண்டியில் புகையை அதிகம் சுவாசிப்பவர்களில் பலருக்கு ஓட்டு வேறு மாநிலத்தில். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாததால் கிராம சபையிலும் அவர்களுக்குக் குரல் கிடையாது. கொசுவுக்கு வாக்காளர் பட்டியல் தெரியாது. அறைக்குள் வந்த டெங்கு அடுத்த வீட்டு வாக்காளரையும் கடிக்கும்.

அதனால்தான் அறிக்கை வேண்டும். கேட்க முடியாதவர்களுக்காக எண்கள் கேட்கும்.

"இன்னொரு அறிக்கையா? ஏற்கெனவே இருக்கும் ஃபைல் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கிராம சுகாதார செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் ஏற்கெனவே எழுதி எழுதிக் களைத்திருக்கிறார்கள். ஆனால் இங்கே புதிதாக எழுதச் சொல்லவில்லை. எழுதியதைச் சேர்த்து ஊருக்குக் காட்டச் சொல்வதுதான் கோரிக்கை. "எண்கள் வெளியே வந்தால் கம்பெனிகள் ஓடிவிடும்" என்பது அடுத்த பயம். ரோடும் கரண்டும் துறைமுகமும் பக்கத்தில் இருப்பதால் வந்த கம்பெனி எட்டுப் பக்க அறிக்கைக்குப் பயந்து ஓடாது. ஒழுங்காக நடத்துகிற கம்பெனிக்கு அது நற்சான்றிதழ் கூட.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களுக்கென்று பொது சுகாதாரத் துறை வருடத்துக்கு ஓர் அறிக்கை வெளியிட வேண்டும், தமிழில், ஹிந்தியிலும் ஒடியாவிலும் சுருக்கத்தோடு. சென்னை ஆஸ்பத்திரியில் நடந்த இறப்பை அவர் வேலை பார்த்துத் தங்கியிருந்த ஊரின் கணக்கில் சேர்க்க வேண்டும். வாடகை அறைகளையும் எண்ணி, ஆட்களையும் எண்ண வேண்டும். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மே 1. தொழிலாளர் தினத்தன்று அந்த அறிக்கையைச் சபையில் வாசிக்கட்டும். ஓட்டு இல்லாதவர்களும் வந்து உட்கார்ந்து கேட்கட்டும்.

1939 சட்டத்தை வைத்து 200 ரூபாய் வாங்கத் தெரிந்தது. அதே சட்டத்தை வைத்து ஊருக்குக் கணக்குச் சொல்லவும் முடியும்.