வார்னிங்குக்கும் எர்ரருக்கும் நடுவுல

மக்களே, கம்பைலர் வார்னிங்கை நம்மள்ல எத்தனை பேரு படிக்கிறோம்? பில்ட் ஆயிடுச்சா, அனுப்பு! எர்ரர் வந்தாத்தான் திரும்பியே பாப்போம். உடம்பையும் நாம இப்படித்தான் நடத்துறோம்ங்கிறது என் கட்சி. உடம்புக்கு வலிதான் எர்ரர். அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் கணக்குலயே சேராது.

நம்ம தமிழ்ல இந்த வார்னிங்குக்கு எத்தனை வார்த்தை இருக்கு பாருங்க. விரல் மதமதங்குது, கை உளையுது, மணிக்கட்டு குடையுது, தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. இதுல எதுவுமே 'வலிக்குது' இல்லை. ஒவ்வொண்ணும் தனித்தனி சேதி. ஆனா ஆபீஸ்ல லீவு கேட்டா ஒரே கேள்விதான்: "ரொம்ப வலிக்குதா?" இல்லைன்னு சொன்னா, அப்ப ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமாம்.

எங்க திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில அரம் பிடிச்சு ராவுறவருக்கும், நாள் முழுக்க கீபோர்டு தட்டுற நமக்கும் சிக்கல் ஒண்ணுதான். சின்ன அழுத்தம், ஆயிரக்கணக்கான தடவை. (2019-ல எங்க ஊர் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. அதைச் செய்யுற கைக்கு எந்தக் குறியீடும் இல்லை, அது தனிக்கதை.)

இந்தச் சின்ன அழுத்தம் எப்படிக் காயமாகுதுன்னு பல வருஷம் ஆராய்ஞ்சவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல பிறந்து, நம்ம கொல்லிமலையில வளர்ந்தவர். 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, பிறகு தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் செஞ்சார். தொழுநோயில விரல் தானா அழுகி விழுறதில்லை, நரம்பு கெட்டு வலி தெரியாததால கவனிக்காம விட்ட காயங்கள்தான் விரலைத் தின்னுதுன்னு எடுத்துக் காட்டினார். 1966-ல அமெரிக்காவுல கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அங்க கவனிச்சது இன்னும் முக்கியம்: பாதத்துல புண் வர்றதுக்கு முன்னாடியே அந்த இடம் சூடாயிடுது. அந்தச் சூட்டைப் பார்த்து ஓய்வு குடுத்தா புண்ணே வராம தடுக்கலாம். இன்னைக்கு சர்க்கரை நோயாளிகளுக்கும் இதே முறை உதவுது. ரெண்டு பாதத்துலயும் ஒரே இடத்துல 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல வித்தியாசம் தொடர்ந்து இருந்தா உஷாராயிடணும்.

அவரோட இன்னொரு முயற்சிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. உணர்ச்சி இல்லாத கைக்குச் சென்சார் வெச்ச கையுறை செஞ்சாங்க. அழுத்தம் கூடினா சத்தம் வரும். நோயாளிகள் அதைக் கண்டுக்கலை. சரின்னு, உணர்ச்சி இருக்குற அக்குள்ல ஷாக் அடிக்கிற மாதிரி மாத்தினாங்க. வேலை முடியணும்னா சுவிட்சை அணைச்சிட்டு வேலையைப் பார்த்தாங்க! திட்டமே தோத்துப் போச்சு.

அவங்களைப் பார்த்து சிரிக்க நமக்குத் தகுதி இருக்கா? ரிலீஸ் தேதிக்கு முந்தின வாரம் தைலம் தடவி, மாத்திரை போட்டு, பேண்டைச் சுத்திக்கிட்டு தட்டுறோமே, அது எந்த சுவிட்ச்?

"ஒவ்வொண்ணுக்கும் டாக்டர்கிட்ட ஓட முடியுமா?"ன்னு கேப்பீங்க. வேண்டாம். ஒருநாள் வந்து போனா விட்டுடுங்க. அதே இடத்துல, அதே வேலை செய்யும்போது, திரும்பத் திரும்ப வந்தா அது சேதி. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூணும் ராத்திரியில மரத்துப் போய், கையை உதறினா சரியாகுதா? மணிக்கட்டுல நரம்பு நசுங்குதோன்னு பாக்கணும். சுண்டுவிரல் பக்கம்னா முழங்கையைப் பாக்கணும். இந்தக் கட்டத்துல ராத்திரி மணிக்கட்டை மடங்காம வெச்சுக்குற பட்டையும், வேலைக்கு நடுவுல ஓய்வுமே பல பேருக்குப் போதும். கட்டைவிரலடிச் சதை வத்திப்போற வரைக்கும் விட்டா, ஆபரேஷனுக்குப் பிறகும் பழைய பலம் முழுசாத் திரும்பும்னு சொல்ல முடியாது.

அதனால வலிக்காகக் காத்திருக்காதீங்க. "கை மதமதங்குது, அரைமணி நேரம் எந்திரிச்சுப் போறேன்"னு சொல்ற ஆளை சோம்பேறின்னு பாக்காதீங்க. அவர் லாக்ஃபைலைப் படிக்கிறார், அவ்வளவுதான்.

உங்க ஊர்ல மதமதப்புக்கு என்ன பேரு? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.